29 வயதில் மருத்துவம்: என் மாணவிக்கு என்ன பதில் சொல்வது?



பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில் என் முன்னாள் மாணவி ஒருத்தி தன் பெற்றோருடன் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம், ஒரு நெகிழிக் கோப்பு. பழத்தை என் துணைவியாரிடம் கொடுத்துவிட்டுக் கோப்பை என் முன்னால் வைத்தாள்.

"ஐயா, நான் மருத்துவம் படிக்கப் போகிறேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்று அப்பா சொல்கிறார்."

அவளுக்கு வயது 29. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் மருத்துவக் கோரிக்கைப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறாள். கோப்பில் மூன்று தாள்கள் இருந்தன. எஸ்.பி.எம். சான்றிதழின் நகல், பகுதி நேரமாகப் படித்துப் பெற்ற வணிக நிர்வாகப் பட்டம், முகவர் நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தப் படிவம். வெளிநாட்டில் ஓராண்டு அடிப்படைக் கல்வி, அதன்பின் நேரே மருத்துவப் படிப்பு, எஸ்.பி.எம். அறிவியல் புள்ளிகளைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று அச்சிட்டிருந்தார்கள். முன்பணம் 25,000 வெள்ளி. அப்பா துறைமுகத்தில் கனவுந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய ஊழியர் சேமநிதியில் மிஞ்சியிருப்பதில் அது எவ்வளவு பெரிய பங்கு என்று நான் கேட்கவில்லை. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

எஸ்.பி.எம். சான்றிதழைப் பார்த்தேன். கணிதம் பி. இயற்பியல் டி. உயிரியல் டி. வேதியியல் இ. கூடுதல் கணிதத்தில் தேர்ச்சியே இல்லை.

அந்தப் பெயருக்கு அருகில் அந்தப் புள்ளிகளை என்னால் பொருத்திப் பார்க்க முடியவில்லை. 2008-ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வில் ஏழு பாடங்களிலும் ஏ பெற்றவள் அவள். தலைமையாசிரியரும் நானும் இரு பக்கமும் நிற்க, நடுவில் அவள் நிற்கும் படம் நாளிதழில் வந்தது. அவளுக்கு அறிவியல் கற்பித்தவன் நான்.

இந்த இடத்தில் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் சொல்வோம். மறுநாள் இதைப் பற்றி நண்பர்களான இரண்டு ஆசிரியர்களிடம் பேசியபோது இரண்டும் வந்தன. ஒருவர், "ஊக்கப்படுத்துங்கள், முயன்றால் முடியாதது உண்டா?" என்றார். மற்றவர், "திருமணம் செய்துகொள்ள வேண்டிய வயதில் எதற்கு இந்த வேலை?" என்றார். இரண்டு பதிலுக்கும் செலவு கிடையாது. முதல் பதிலைச் சொன்னவர் அந்த 25,000 வெள்ளியில் ஒரு காசும் கொடுக்கப் போவதில்லை. இரண்டாம் பதிலைச் சொன்னவர் ஓர் ஆண் இதே கேள்வியோடு வந்திருந்தால் திருமணத்தைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்.

நான் அவளிடம் முதலில் கேட்டது "ஏன்?" என்ற ஒரே கேள்வி. தாத்தாவின் கனவு, சமூக சேவை என்று ஏதாவது சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் சொன்னது வேறு.

"ஒருவருடைய கோப்பு என் மேசைக்கு மூன்று முறை வந்தது, ஐயா. நீரிழிவு நோயாளி. முதல் முறை கால்விரலை எடுத்திருந்தார்கள். அடுத்த முறை பாதி பாதம். மூன்றாம் முறை முழங்காலுக்குக் கீழே எல்லாம். மூன்றையும் நான்தான் சரிபார்த்து அனுமதித்தேன். பணம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. முதல் கோப்புக்கும் மூன்றாம் கோப்புக்கும் நடுவில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்."

தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் மருத்துவராவதே என் இலட்சியம் என்று எழுதாத பிள்ளை நம் பள்ளிகளில் குறைவு. கட்டுரைப் போட்டிக்கு நாமே அதை எழுதிக் கொடுக்கிறோம். இந்தப் பெண் சொன்னது அந்தக் கட்டுரையில் இல்லாதது. ஆகவே அவளுக்கு வெறும் வாழ்த்தையும் சொல்லக்கூடாது, வெறும் மறுப்பையும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். கணக்கைச் சொல்ல வேண்டும்.

கணக்குக்கு முன்னால் என் பங்கை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2003-ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் பி.பி.எஸ்.எம்.ஐ. திட்டம் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. அந்த ஆண்டு முதலாம் ஆண்டில் நுழைந்த பிள்ளைகளுள் இவளும் ஒருத்தி. நான் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிய ஆசிரியன். எனக்கே ஆங்கிலத்தில் அறிவியல் தடுமாற்றம். அவர்கள் ஆறாம் ஆண்டுக்கு வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆய்வுக் கேள்விகளுக்கு ஒரு வாக்கிய அச்சைச் செய்து கொடுத்தேன். "இது கூடினால் அது கூடும்", "இது கூடினால் அது குறையும்". இரண்டு கோடிட்ட இடங்கள். அட்டவணையின் தலைப்பைப் பார்த்து நிரப்பினால் போதும். நிரப்பினார்கள். ஏ வந்தது. படம் வந்தது.

படிவம் நான்கில் மோல் கணக்கு வரும்போது அந்த வாக்கிய அச்சு உதவாது. அங்கே ஒரு பொருளின் எடையைக் கொண்டு அதற்குள் எத்தனை துகள் என்று எண்ணத் தெரிய வேண்டும். அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த விடுதிப் பள்ளியில், ஏழு ஏ பெற்றவள் என்ற பெயரோடு உட்கார்ந்துகொண்டு, புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள். இதையும் அன்றுதான் சொன்னாள். எல்லாப் பழியையும் நான் சுமப்பதாக நடிக்கவில்லை. ஐந்தாண்டு இடைநிலைப்பள்ளியில் அவளும் சிலவற்றைக் கோட்டை விட்டிருக்கிறாள். ஆனால் 17 வயதில் வாங்கிய அந்த 'இ' அவளுடைய மூளையின் அளவு என்று மட்டும் நான் ஒப்ப மாட்டேன்.

இப்போது கணக்கு.

நம் நாட்டில் மருத்துவம் படிக்க மலேசிய மருத்துவ மன்றம் குறைந்தபட்சத் தகுதி வகுத்திருக்கிறது. எஸ்.பி.எம்.-இல் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இவற்றோடு இன்னொரு பாடம், ஐந்திலும் குறைந்தது பி. அதற்கு மேல் எஸ்.டி.பி.எம்., ஏ லெவல், மெட்ரிகுலேசன் அல்லது அடிப்படைக் கல்வி ஒன்றில் நல்ல தேர்ச்சி. இது வாசற்படி மட்டுமே. அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் பிடிப்பவர்களின் புள்ளிகள் இதைவிட வெகு உயரத்தில் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தனியார் கல்லூரி என்றால் ஐந்தாண்டுக் கட்டணம் மூன்று இலட்சம் வெள்ளியைத் தாண்டிவிடும். பி.டி.பி.டி.என். கடனுக்கு 45 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்பது ஆறுதல். ஆனால் அந்தக் கடன் தனியார் மருத்துவக் கட்டணம் முழுவதையும் தாங்காது.

முகவரின் தாள் இந்த வாசற்படியைத் தாண்டிக் குதிக்கச் சொல்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளும், அதில் பொய்யில்லை. பட்டத்தோடு திரும்பி வந்து பதிவு கேட்கும்போதுதான், அந்தப் பல்கலைக்கழகம் ஏற்கப்பட்டதா, படிப்பைத் தொடங்கியபோது உன்னிடம் தகுதி இருந்ததா என்று கேட்பார்கள். அப்போது முகவரின் கைப்பேசி எண் மாறியிருக்கும்.

இது நமக்குப் புதிய கதையா? 2005-ஆம் ஆண்டை மறந்துவிட்டோமா? உக்ரைன் நாட்டின் சிம்ஃபெரோபோல் நகரிலிருந்த கிரிமியா மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு வழங்கப்பட்டிருந்த அங்கீகாரத்தை நம் நாடு அந்த ஆண்டு மீட்டுக்கொண்டது. அங்கே படித்த மலேசியர்களில் பெரும்பாலோர் நம் பிள்ளைகள். நம் சமூகமே கொதித்தது. குறைந்த தகுதியுள்ளவர்கள் சேர்க்கப்படுகிறார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. நம்மைக் குறிவைத்துச் செய்கிறார்கள் என்று நாம் கோபப்பட்டோம். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அங்கே படித்துத் திரும்பி இன்று நன்றாகப் பணியாற்றும் மருத்துவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கேள்வியை அன்று நாம் உரக்கக் கேட்கவில்லை. புள்ளி குறைந்த பிள்ளை அந்தப் பாடத்தை மறுபடி படித்து எழுத உள்ளூரில் ஓர் இடம் இல்லாமல், ஏன் கருங்கடல் வரை போக வேண்டியிருந்தது?

வயதைப் பற்றி அவளுடைய அம்மா கேட்டார். "இந்த வயதில் சேர்த்துக்கொள்வார்களா?" வயது பெரிய தடையில்லை என்றேன். ஜொகூர் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரில் 2005-இல் நிறுவப்பட்டு 2007-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளி முழுக்க முழுக்கப் பட்டதாரிகளுக்கானது. எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம், படிப்பு நான்காண்டு. பொறியியல், பொருளியல் படித்தவர்களெல்லாம் அங்கே மருத்துவராகிறார்கள். ஆனால் பட்டப்படிப்பின் தரமும் அதற்கென உள்ள நுழைவுத் தேர்வும் மிகக் கடுமையாகப் பார்க்கப்படுகின்றன. நம் நாட்டிலும் 2011-இல் பெர்டானா பல்கலைக்கழகம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் துணையோடு பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. 2014-இல் அந்தக் கூட்டுறவு முறிந்தது. வேலை பார்த்தவர்கள் மருத்துவத்துக்கு வருவதை இயல்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை.

ஓர் ஆசிரியரின் கதையும் நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த, 61 வயதான ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் நீட் தேர்வில் தேறி, 2022 ஜனவரியில் மருத்துவக் கலந்தாய்வுக்கே வந்துவிட்டார். கடைசியில் இடத்தை விட்டுக்கொடுத்தார். மருத்துவரான அவருடைய மகன், அந்த இடம் ஓர் இளைஞருக்குப் போனால் பல ஆண்டுகள் பயன்படுமே என்று சொன்னாராம். 61 வயதுக்கு அது நல்ல வாதம். 29 வயதுக்கு அது பொருந்தாது. அவள் 40 வயதில் பணி தொடங்கினாலும் 20 ஆண்டு எஞ்சியிருக்கும்.

அந்த 40 எப்படி வந்தது என்று அப்பா கேட்டார். கணக்குக் கேட்பவரைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி. ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். வேலையை விடாமல் எஸ்.பி.எம். அறிவியல் பாடங்களைத் தனியார் தேர்வாளராக மறுபடி எழுத ஓராண்டு. ஒன்றில் வழுக்கினால் இரண்டு. எஸ்.டி.பி.எம். மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு. மருத்துவம் ஐந்தாண்டு. பயிற்சி மருத்துவராக இரண்டு ஆண்டு. இடையில் காத்திருக்கும் மாதங்கள் தனி. பத்தாண்டுக்குக் குறையாது. அதில் ஏழெட்டு ஆண்டுகள் சம்பளமில்லை, சேமநிதியில் ஒரு வெள்ளியும் ஏறாது. முடித்த பிறகும் கதவு அகலத் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்களை அரசு ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கத் தொடங்கியது. 2021 ஜூலை 26-ஆம் நாள், பெருந்தொற்றின் உச்சத்தில், அந்த ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்புச் சட்டையணிந்து மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்புச் செய்ததை நாம் எல்லாரும் பார்த்தோம்.

அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவள் முகம் சுருங்கவில்லை. "பத்தாண்டு எப்படியும் போகும், ஐயா. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு 39 வயது வரும்" என்றாள்.

வேறு வழிகளையும் சொன்னேன். தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் தோட்ட மருத்துவமனைக்கு டாக்டர் எப்போதோ ஒரு நாள்தான் வருவார். மற்ற நாளெல்லாம் காயம் கட்டியதும், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததும், பிள்ளைப்பேறு பார்க்க ஆள் அனுப்பியதும் டிரெஸ்ஸர் ஐயாதான். இன்று அந்த வேலையின் தொடர்ச்சியாக மருத்துவ உதவி அதிகாரிகள் இருக்கிறார்கள். நீரிழிவு நோயாளிகளுக்குப் பாதப் பராமரிப்புச் சொல்லிக் கொடுக்கும் தாதியர் இருக்கிறார்கள். முதல் கோப்புக்கும் மூன்றாம் கோப்புக்கும் நடுவில் நிற்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம். இதை ஆறுதல் பரிசாக நான் சொல்லவில்லை. "இதையும் எழுதிக்கொள்கிறேன், ஐயா" என்று குறித்துக்கொண்டாள். குறித்துவிட்டு, "இதற்கும் அறிவியல் பாடத்தில் நல்ல தேர்ச்சி கேட்பார்களே?" என்றாள். ஆம், கேட்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் அந்த வேதியியலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இங்கேதான் என் மனக்குறை. சட்டப்படி 29 வயதுப் பெண் எஸ்.பி.எம். வேதியியலை மறுபடி எழுதலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் எங்கே படிப்பாள்? பள்ளி அவளைச் சேர்க்காது. அது பதின்ம வயதினருக்கு. பிரத்தியேக வகுப்பு நிலையங்கள் விடைகளைக் கற்பிக்கின்றன. நான் ஆறாம் ஆண்டில் செய்த அதே வேலை, மாதக் கட்டணத்தோடு. 2021-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து அறிவியல் பாடங்களுக்கு ஆய்வுக்கூடச் செய்முறைத் தாளும் சேர்ந்துவிட்டது. அமிலத்தையும் காரத்தையும் கையால் அளந்து ஊற்றிப் பார்க்காதவள் அதை எப்படி எழுதுவாள்? கதவைப் பூட்டவில்லை, அதற்கு ஏறிப்போகும் படிக்கட்டை மட்டும் யாரும் கட்டவில்லை. அந்த இடைவெளியில்தான் முகவர் ஏணியோடு வந்து நிற்கிறார்.

மருத்துவப் படிப்புக்கான தகுதியைக் குறைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. என் காலை அறுக்கப் போகிறவருக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டும். நான் கேட்பது சிறியது. மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும் இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடங்களில் நூற்றில் ஒன்றை, வாரத்தில் இரண்டு இரவு, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்குத் திறந்துவிட முடியாதா? நம் அமைப்புகள் ஆண்டுதோறும் ஏ பெற்ற பிள்ளைகளுக்கு மாலையும் கேடயமும் கொடுக்கின்றன. நானும் அந்த மேடைகளில் அறிவிப்பாளனாக நின்றிருக்கிறேன். ஏ பெறாமல் போய், பத்தாண்டு கழித்து மறுபடி படிக்க வருபவருக்கென ஒரு வகுப்பு, ஒரு நாற்காலி எந்த மண்டபத்திலாவது போட்டிருக்கிறோமா?

அன்றைக்கு அவர்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். வேலையை விட வேண்டாம். முதலாண்டு வேதியியலும் உயிரியலும் மட்டும். இரண்டிலும் பி வந்தால் அடுத்த ஆண்டு மற்றவை; கணக்கில் ஓராண்டு கூடும், பரவாயில்லை. வராவிட்டால் இழப்பு தேர்வுக் கட்டணமும் ஒரு வருடத்துச் சனிக்கிழமைகளும். 25,000 வெள்ளி அப்பாவிடமே இருக்கும். அப்பா முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளுக்கு இது முழு மகிழ்ச்சி தரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். முகவர் செப்டம்பரில் விமானம் ஏறலாம் என்று சொல்லியிருந்தார். நான் மறுபடி படிவம் நான்குப் பாடநூலை எடு என்கிறேன்.

இப்போது ஆறு சனிக்கிழமைகள் முடிந்திருக்கின்றன. என் வீட்டு உணவு மேசைதான் வகுப்பறை. எனக்கும் மோல் கணக்கு துருப்பிடித்திருந்தது. எஸ்.டி.பி.எம். வேதியியலில் சறுக்கித்தான் நானே பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன் என்பதை இதுவரை எந்த மாணவரிடமும் சொன்னதில்லை, அவளிடம் சொன்னேன். நல்லவேளையாக, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் பக்கத்துத் தாமானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து பாடம் நடத்துகிறார். அவரிடம் அவள் "புரியவில்லை" என்று ஒரு மணி நேரத்தில் நான்கு முறை சொல்கிறாள். நான் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து தேநீர் ஆற்றுகிறேன், கூடவே கற்றுக்கொள்கிறேன்.

செய்முறைக்கு மட்டும் வழியில்லை. அருகிலுள்ள இடைநிலைப்பள்ளி ஒன்றின் முதல்வருக்கு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தேன். ஐந்து வாரம் ஆகிறது. அலுவலகத்தில் கேட்டால் கல்வி இலாகாவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை.

முகவர் இதுவரை நான்கு முறை அழைத்துவிட்டாராம்.